555 புத்தகத்தில் எழுதக் கூடாத ஒன்று

வீட்டில் பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் 555 புத்தகம் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சின்ன நோட்டை மளிகைக் கடைக்காரர் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். அரிசி பத்துக் கிலோ, மைலோ ஒரு டின், வெங்காயம் ஒரு கிலோ என்று சம்பள நாள் வரை கணக்கு ஏறிக்கொண்டே போகும். யார் வாங்கினார், எப்போது வாங்கினார், பாக்கி எவ்வளவு என எல்லாமே அதில் இருக்கும். ஆனால் எந்தக் கடைக்காரரும், வாங்கியவரின் வீட்டுச் சாவியை அந்த நோட்டில் ஒட்டி வைத்ததில்லை.

இன்று நாம் பயன்படுத்தும் ஒவ்வொரு செயலிக்குப் பின்னாலும் ஒரு 555 புத்தகம் இருக்கிறது. மென்பொருள் துறையினர் அதை 'லாக்' என்பார்கள். நாம் பதிவேடு என்றே சொல்லலாம். காலை 8.02-க்கு ஒருவர் உள்ளே வந்தார், 8.03-க்குப் பணம் அனுப்ப முயன்றார், 8.04-க்குக் கோளாறு வந்தது என்று நொடிக்கு நொடி கணினியே எழுதிக்கொள்ளும். எங்காவது பிழை வந்தால், பொறியாளர்கள் முதலில் புரட்டுவது இந்தப் பதிவேட்டைத்தான். இது இல்லாவிட்டால் இருட்டு அறையில் ஊசி தேடும் கதைதான்.

துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த பினாங்குக்காரர்களுக்கு இந்த 'லாக்' என்ற சொல்லின் கதை பிடிக்கும். அதற்கு மரக்கட்டை என்று பொருள். பாய்மரக் கப்பல் காலத்தில், முடிச்சுகள் போட்ட கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் போடுவார்கள். குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முடிச்சுகள் கையை விட்டு நழுவின என்று எண்ணிக் கப்பலின் வேகத்தைக் கணிப்பார்கள். அதை எழுதி வைத்த புத்தகத்துக்கும் அந்தக் கட்டையின் பெயரே வந்தது. கப்பலிலிருந்து அந்தப் பெயர் கணினிக்குள் ஏறிக்கொண்டது.

சரி, இதில் நமக்கு என்ன கவலை? கவலை இதுதான். சில நேரங்களில், எழுதக் கூடாத ஒன்றையும் கணினி அந்தப் பதிவேட்டில் எழுதிவிடுகிறது. அது நம்முடைய கடவுச்சொல்.

இரண்டு நிறுவனங்கள், இரண்டு வழிகள்

ஒழுங்கான நிறுவனம் எதுவும் உங்கள் கடவுச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. மிளகாயை அம்மியில் வைத்து அரைத்துவிட்டால், அந்த விழுதிலிருந்து மறுபடி மிளகாயை எடுக்க முடியுமா? அதுபோல, நீங்கள் கொடுக்கும் கடவுச்சொல்லைத் திரும்ப முழுதாக்க முடியாதபடி கணினி அரைத்துவிடும். அரைத்த விழுதை மட்டும்தான் சேமிக்கும். மறுமுறை நீங்கள் வரும்போது, கொடுப்பதை மறுபடி அதே விதத்தில் அரைத்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கும். நிறுவனத்தின் ஊழியருக்குக்கூட உங்கள் கடவுச்சொல் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடு.

2018 மே 3-ஆம் தேதி, டுவிட்டர் நிறுவனம் தன் பயனர்கள் 33 கோடிப் பேரையும் கடவுச்சொல்லை மாற்றிவிடும்படி கேட்டுக்கொண்டது. அன்று உலகக் கடவுச்சொல் தினம் என்பது தற்செயலான வேடிக்கை. அரைக்கும் வேலை முடிவதற்கு முன்பே, கடவுச்சொற்கள் உள்பதிவேடு ஒன்றில் முழு எழுத்துகளில் பதிவாகிவந்திருந்தன. பூட்டு, கதவு எல்லாம் பலமாகத்தான் இருந்தன. வாசலில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர், உள்ளே போகிறவர் கையிலிருந்த சாவியையும் வரைந்து வைத்துவிட்டார். அதே வாரத்தில் கிட்ஹப் நிறுவனமும், தன்னுடைய பயனர்களில் சிறு பகுதியினருக்கு இதேபோன்ற பிழை நேர்ந்ததாகத் தெரிவித்தது.

வெளியார் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை என்று டுவிட்டர் சொன்னது. இருந்தும் அனைவரிடமும் சொன்னது. அப்போது அதன் தொழில்நுட்பத் தலைவராக இருந்த பராக் அகர்வால், இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எங்களுக்கு இல்லை என்ற பொருளில் முதலில் ஒரு வரி எழுதினார். எதிர்ப்பு வந்ததும், அப்படிச் சொன்னது தவறுதான் என்று அன்றே ஒப்புக்கொண்டார்.

அடுத்தது ஃபேஸ்புக். 2019 மார்ச் 21-ஆம் தேதி, பிரையன் கிரெப்ஸ் என்ற செய்தியாளர் ஒரு தகவலை வெளியிட்டார். 20 கோடியிலிருந்து 60 கோடி வரையிலான பயனர்களின் கடவுச்சொற்கள் அந்த நிறுவனத்துக்குள் அரைக்கப்படாமலே கிடந்தன, அவற்றில் சில 2012-ஆம் ஆண்டு வரை பின்னோக்கிப் போகின்றன, 20,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் தேடிப் பார்க்கக்கூடிய இடத்தில் அவை இருந்தன என்பதே அந்தச் செய்தி. ஃபேஸ்புக்கும் அன்றே வாய் திறந்தது. ஜனவரியில் நடந்த வழக்கமான சோதனையில் இதைக் கண்டுபிடித்ததாகச் சொன்னது. யாரும் தவறாகப் பயன்படுத்தியதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 'ஃபேஸ்புக் லைட்' பயன்படுத்தியவர்கள். இணைய வேகம் குறைந்த ஊர்களில், விலை குறைந்த கைப்பேசிகளுக்காகச் செய்த செயலி அது.

இந்த விவகாரம் அத்தோடு முடியவில்லை. அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் விசாரித்து, 2024 செப்டம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 9.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. கடவுச்சொற்களைப் பாதுகாக்காதது மட்டும் குற்றமாகப் பதிவாகவில்லை. ஆணையத்துக்கு உரிய நேரத்தில் அறிவிக்காததும், நடந்ததை முறைப்படி ஆவணப்படுத்தாததும் தனித்தனிக் குற்றங்களாகச் சேர்க்கப்பட்டன.

பிழை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான். கண்டுபிடித்த பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. இந்தக் கட்டுரைக்கு அதுதான் முக்கியம்.

"நான் யாருகிட்டயும் சொல்லலையேம்மா!"

வானொலியில் மோசடி பற்றிய நிகழ்ச்சி செய்யும்போதெல்லாம் இந்த வாக்கியம் கட்டாயம் வரும். பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா அழைத்துச் சொன்னார்: "ஏம்மா, நான் என் பாஸ்வர்டை என் பிள்ளைங்ககிட்டகூட சொன்னதில்ல. பிறகு எப்படிப் போச்சு?" அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். நாம் வாய் திறக்காமலே நம் ரகசியம் எழுதப்படும் வழிகள் இருக்கின்றன. சிலவற்றைப் பார்ப்போம்.

முதல் வழி நம் விரல். அவசரத்தில் பெயர் போட வேண்டிய கட்டத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிடுகிறோம். கணினி அதைப் பெயர் என்று நினைக்கிறது. "இந்தப் பெயரில் யாரும் இல்லை" என்று பதிவேட்டில் எழுதி வைக்கிறது. பெயரை எழுதுவது தவறில்லை என்பதால் அரைப்பதும் இல்லை, மறைப்பதும் இல்லை. அடுத்த வரியில் நீங்கள் சரியான பெயரோடு உள்ளே போகிறீர்கள். மேல் வரியில் சாவி, கீழ் வரியில் வீட்டு முகவரி. இரண்டையும் சேர்த்துப் படிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

இரண்டாவது, முகவரிப் பட்டை. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று சொன்னால் மின்னஞ்சலில் நீளமான ஓர் இணைப்பு வரும். அந்த நீளத்துக்குள் ஒரு தற்காலிகச் சாவி இருக்கிறது. இணையச் சேவைக் கணினிகள் எந்த முகவரியைக் கேட்டாலும் அதை முழுசாக எழுதி வைப்பது வழக்கம். உங்கள் உலாவியின் வரலாற்றிலும் அது ஏறிவிடும்.

மூன்றாவது, கோளாறு நேரும்போது. செயலி திடீரென்று நின்றுபோனால், "கடைசியாக என் கையில் என்னென்ன இருந்தன" என்று எல்லாவற்றையும் அது கொட்டி எழுதும். அந்தக் குவியலில் தரவுத்தளத்தின் சாவியும் இருக்கலாம், உங்கள் அட்டை எண்ணும் இருக்கலாம்.

நான்காவது, உதவி கேட்கும்போது. 2023 அக்டோபரில் ஒக்டா என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு நடந்தது இது. மற்ற நிறுவனங்களின் ஊழியர்கள் பாதுகாப்பாக உள்நுழைய வழி செய்வதுதான் அதன் தொழில். வாடிக்கையாளர்கள் பிரச்சினை என்று வந்தால், உலாவியில் நடந்ததைப் பதிவு செய்து அனுப்பச் சொல்வார்கள். அந்தப் பதிவில் நுழைவு முத்திரையும் சேர்ந்தே போகும். கலைநிகழ்ச்சிக்கு வெளியே போய்வர கையில் குத்திவிடுவார்களே, அந்த மாதிரி முத்திரை. அது கையில் இருந்தால் மறுபடி டிக்கெட் கேட்க மாட்டார்கள். உதவிப் பிரிவின் கணினிக்குள் புகுந்த திருடர்கள் 134 வாடிக்கையாளர்களின் கோப்புகளைப் பார்த்தார்கள். அவர்களில் ஐந்து வாடிக்கையாளர்களின் முத்திரையைக் கொண்டு உள்ளே நுழையப் பார்த்தார்கள். கடவுச்சொல்லே தேவைப்படவில்லை.

டிஏசி எண் வந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அந்தக் குறுஞ்செய்தியும் இடைத்தரகர் நிறுவனங்கள் வழியாகத்தான் நம் கைக்கு வருகிறது. 2018 நவம்பரில், வோக்ஸோக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் செய்திக் களஞ்சியம் பூட்டே இல்லாமல் இணையத்தில் கிடந்தது தெரியவந்தது. சுமார் 2.6 கோடிக் குறுஞ்செய்திகள், அவற்றுக்குள் ஒருமுறைக் கடவு எண்களும், கடவுச்சொல் மாற்றும் இணைப்புகளும் இருந்தன. குறுஞ்செய்தி எண்ணை விட்டுவிட்டு, செயலிக்குள்ளேயே உறுதிப்படுத்தும் முறைக்கு மாறும்படி 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா நம் வங்கிகளைக் கேட்டுக்கொண்டது ஏன் என்று இப்போது புரியும்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது

பெரிய நிறுவனத்தின் பதிவேட்டை நாம் போய்த் திருத்த முடியாது. ஆனால் அது கசிந்தாலும் நமக்கு வரும் சேதத்தைக் குறைக்கலாம்.

ஒரே சாவியை எல்லாக் கதவுக்கும் வைக்காதீர்கள். ஃபேஸ்புக்கில் போனது ஃபேஸ்புக்கோடு நிற்க வேண்டும். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் தனித்தனிக் கடவுச்சொல் கட்டாயம். மின்னஞ்சல் கையை விட்டுப் போனால் மற்ற எல்லாவற்றையும் அதன் வழியாகவே மாற்றிவிடலாம் என்பதை மறக்க வேண்டாம்.

பெயர்க் கட்டத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டால், சிரித்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே போனதும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

உதவி மையத்துக்குத் திரைப் படம் எடுத்து அனுப்பும்போது முகவரிப் பட்டை, டிஏசி எண், அட்டை எண் எல்லாவற்றையும் மறைத்து அனுப்புங்கள். கடவுச்சொல் மாற்றும் இணைப்பைக் குடும்ப வாட்சப் குழுவில் போட்டு "இது என்னன்னு பாருங்க" என்று கேட்காதீர்கள்.

கசிவு நடந்தது என்று ஒரு நிறுவனம் செய்தி அனுப்பினால், அந்தச் செய்தியில் உள்ள இணைப்பைத் தட்டாமல் நீங்களாகவே செயலியைத் திறந்து மாற்றுங்கள். கசிவுச் செய்தி என்ற பெயரிலேயே மோசடிக்காரர்கள் வருவார்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் நேரம் கடத்தாமல் வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தையோ அழையுங்கள்.

பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு

1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கியபோது நம் அம்மாக்களும் அத்தைகளும் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிச் சில்லுகளைப் பொருத்தப் போனார்கள். இன்று அவர்களின் பிள்ளைகள் மென்பொருள் எழுதுகிறார்கள். பதிவேட்டில் என்ன எழுத வேண்டும் என்று முடிவு செய்வது இப்போது நீங்கள்தான். பட்டர்வொர்த் அம்மாவின் சாவி உங்கள் ஒரு வரியில் இருக்கிறது. இந்த வேலையில் இருக்கும் நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத் தொகுத்துத் தருகிறேன்.

நேரடி ஒலிபரப்பில் நேயர்களை இணைக்கும்போது, அவர்கள் பேச்சு சில நொடிகள் தாமதமாகத்தான் காற்றில் போகும். யாராவது ஆர்வத்தில் அடையாள அட்டை எண்ணைச் சொல்லத் தொடங்கினால், ஒரு பொத்தானை அழுத்தி அதை வெட்டிவிடலாம். உங்கள் பதிவேட்டுக்கும் அப்படி ஒரே ஒரு வாசல் வையுங்கள். எல்லா வரியும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். கடவுச்சொல், நுழைவு முத்திரை, அட்டை எண் எது வந்தாலும் அங்கேயே நட்சத்திரக் குறியாக மாற வேண்டும். ஒவ்வொருவரும் தம் பகுதியில் பார்த்து எழுதிக்கொள்வார்கள் என்று விட்டால், ஒருவர் மறப்பார்.

ஆனால் வடிகட்டியை மட்டும் நம்ப வேண்டாம். கல்யாண மண்டப வாசலில் "இவர்களை விடாதே" என்று பட்டியல் கொடுத்தால், பட்டியலில் இல்லாத திருடன் உள்ளே போய்விடுவான். "இவர்களை மட்டும் விடு" என்று கொடுப்பதுதான் பாதுகாப்பு. வந்த தகவல் முழுவதையும் எழுதிவிட்டு, ரகசியத்தை மட்டும் அழிக்கப் பார்ப்பது முதல் வகை. நேரம், செயல், விளைவு என்று தேவையானதை மட்டும் பொறுக்கி எழுதுவது இரண்டாவது வகை. பின்னதையே பழகுங்கள். ரகசியங்களை முகவரிப் பட்டையில் வைத்து அனுப்புவதையும் அடியோடு நிறுத்துங்கள்.

பிறகு ஒரு தூண்டில் போடுங்கள். உலகத்தில் வேறு எங்கும் இருக்க முடியாத ஒரு போலிக் கடவுச்சொல்லை உருவாக்கி, சோதனைக் கணக்கில் உள்ளே போங்கள், தப்பாகப் போட்டுப் பாருங்கள், வேண்டுமென்றே கோளாறு வரவழையுங்கள். அதன்பின் எல்லாப் பதிவேடுகளிலும் அந்தச் சொல்லைத் தேடுங்கள். ஒரு இடத்தில் அகப்பட்டாலும் உங்களுக்கு வேலை இருக்கிறது. ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் இதைத் தானாக ஓடும்படி செய்துவிடலாம்.

பதிவேட்டைப் படிக்கும் உரிமை எத்தனை பேரிடம் இருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். தேவைக்கு மேல் ஒரு நாள்கூட அதை வைத்திருக்காதீர்கள். 2012-இல் எழுதியது 2019-இல் பிரச்சினையானது, அது அத்தனை நாள் அங்கேயே இருந்ததால்தான்.

கசிந்துவிட்டது என்று தெரிந்தால் அந்த வரியை அழித்தால் போதாது. அதற்கு நகல் இருக்கும், அந்த நகலுக்கும் நகல் இருக்கும். பூட்டையே மாற்ற வேண்டும்.

சொல்வதா, விடுவதா?

இத்தனையும் தொழில்நுட்பம். கஷ்டமான இடம் இனிமேல்தான் வருகிறது. ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்: "அக்கா, லாக்கைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். கஸ்டமர் பாஸ்வர்ட் அப்படியே நிக்குது. எழுதினது நான் இல்ல. ஆனா நான் போய்ச் சொன்னா, 'நீ ஏன் அதைப் பார்த்தே?'ன்னு கேப்பாங்களோன்னு பயமா இருக்கு." வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். ஒப்பந்தம் இன்னும் உறுதியாகவில்லை. கார் கடன் தொடங்கிவிட்டது.

அவர் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அவர் சும்மா இருந்தால், விலை கொடுக்கப் போவது அந்தப் பட்டர்வொர்த் அம்மா போன்றவர்கள். 2017-இல் நம் நாட்டில் 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் கசிந்த செய்தியை லோயாட் இணையத்தளம் வெளியிட்டது நினைவிருக்கும். நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம். பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருந்தன. அவற்றோடு ஒரு கடவுச்சொல்லும் சேர்ந்தால் மோசடிக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

சட்டமும் இப்போது மாறியிருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்படி, 2025 ஜூன் 1 முதல், பெரிய பாதிப்பை உண்டாக்கக்கூடிய தரவுக் கசிவை நிறுவனங்கள் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்படுவோருக்கு, அதற்குப் பின் 7 நாள்களுக்குள் சொல்ல வேண்டும். தெரிவிக்கத் தவறினால் 2,50,000 ரிங்கிட் வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எந்தக் கசிவு இதற்குள் வரும் என்பதை நிறுவனத்தின் சட்டப் பிரிவு பார்க்கட்டும். பார்ப்பதற்கு முதலில் அவர்களுக்குத் தெரிய வேண்டுமே!

அதனால் அந்தத் தம்பியிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். அந்தக் கடவுச்சொல்லை நகல் எடுக்காதே, திரைப் படம் எடுக்காதே, நண்பர்களுக்குக் காட்டாதே. எந்தப் பதிவேடு, எந்த வரி, எப்போது பார்த்தாய் என்பதை மட்டும் குறித்துக்கொள். மேலாளருக்கும் பாதுகாப்புப் பிரிவுக்கும் எழுத்தில் தெரிவி. வாய்ப்பேச்சாகச் சொல்லி நிறுத்திவிடாதே. யார் எழுதிய வரி என்று தேடும் வேலை உன்னுடையது இல்லை.

மேலாளர்களாக இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. தொழிற்சாலையில் கியூசி பார்த்த அம்மாக்கள் குறையுள்ள சில்லு ஒன்றைக் கண்டால் எடுத்துத் தனியாக வைப்பார்கள். கண்டுபிடித்ததற்காக யாரும் அவர்களைத் திட்டியிருந்தால், அடுத்த குறையுள்ள சில்லு பேசாமல் பெட்டிக்குள் போயிருக்கும். உங்கள் பிரிவில் முதலில் கை தூக்கும் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதை மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாளை திங்கட்கிழமை. மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் காப்பி குடித்துவிட்டு, சொன்ன தூண்டிலை ஒருமுறை போட்டுப் பாருங்கள். மற்றவர்கள் இன்றிரவே மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் ஒரே கடவுச்சொல்லா என்று பாருங்கள். ஒன்றுதான் என்றால், மாற்றிவிட்டுத் தூங்கப் போங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.